மழையைக் கெடுத்தது யார்?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மழையைப் பற்றியதாகும். மழை என்றதும், வருண ஜபத்தைக் கண்டிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். அதைக் கண்டிக்க வேண்டிய அவசியம் இன்னும் தீர்ந்துவிடவில்லை. 2019-ஆம் வருஷத்தில்கூட, மழை வேண்டிக் கோவில்களில் யாகம் நடத்தும்படி தமிழ்நாட்டு அறநிலையத் துறையிலிருந்தே சுற்றறிக்கை போயிற்று என்றால், நமக்கு எவ்வளவு வேலை பாக்கியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்று நான் சொல்லப்போவது மழை வராத கதையல்ல. வந்த மழையே கெட்டு வந்த கதை. ஒரு தேசத்தில் எரித்த கரியின் புகை, கடலைத் தாண்டிப் போய், இன்னொரு தேசத்தில் மழையோடு மழையாக இறங்கி, ஏரியிலிருந்த மீனைக் கொன்ற கதை. அதைக் கண்டுபிடித்தது எப்படி, செய்தவனை ஒப்புக்கொள்ள வைத்தது எப்படி, நிறுத்தியது எப்படி என்பவைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

கதை நடந்தது ஐரோப்பாவில். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்களானால், அதையும் முடிவில் சொல்லுகிறேன். முதலில் சங்கதி இன்னது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

புகை போன வழி

நிலக்கரியிலும் எண்ணெயிலும் கந்தகம் கலந்திருக்கிறது. கரியை எரித்தால் கந்தகமும் சேர்ந்து எரிந்து, வாயுவாகிப் புகையோடு மேலே போகிறது. போன வாயு காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து கந்தகத் திராவகமாக ஆகிறது. மோட்டார் பாட்டரியில் ஊற்றுகிறார்களே, அந்தத் திராவகந்தான். ஆனால் மிகவும் நீர்த்துப்போன நிலையில் இருக்கும். மழை பெய்கிறபோது அதுவும் கூட இறங்குகிறது. இதற்கு அமில மழை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதை முதலில் கண்டு எழுதியவர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்கிற ரசாயன நிபுணர். இங்கிலாந்திலே மான்செஸ்டர் என்னும் ஆலைப்பட்டணத்து மழையைப் பரீட்சை செய்து 1852-லேயே இதைச் சொன்னார். 1872-இல் புஸ்தகமாகவும் எழுதி வெளியிட்டார். ஆலை முதலாளிகளுக்கு அதைக் கேட்க நேரம் இல்லை. பிறகு 1952 டிசம்பரில் லண்டன் பட்டணத்தை ஐந்து நாள் புகைமூட்டம் மூடிக்கொண்டது. அதனால் சுமார் 4,000 பேர் செத்தார்கள் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள் 12,000 வரையில் இருக்கலாம் என்றார்கள். அதன்மேல் 1956-இல் சுத்தக் காற்றுச் சட்டம் ஒன்று செய்து, ஊருக்குள் கரி எரிப்பதைக் குறைத்தார்கள். மின்சார நிலையங்களுக்கோ வானளாவப் புகைப்போக்கி கட்டினார்கள். புகை பக்கத்துத் தெருக்காரன் மூக்கில் ஏறாமல் எட்டப் போய்விட்டது. அதோடு தொல்லை தீர்ந்தது என்று இருந்துவிட்டார்கள். தன் வீட்டைக் கூட்டிக் குப்பையை அடுத்தவன் வாசலில் தள்ளுகிறவனுக்குத் தன் வீடு சுத்தமாகத்தானே தெரியும்?

அந்தப் பக்கத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கிறது. ஆகவே பிரிட்டன், ஜெர்மனி முதலிய தேசங்களின் புகை கடல் தாண்டி நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த இரண்டு தேசங்களின் பூமி பெரும்பாலும் கருங்கல் பாறை. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணாயிருந்தால் திராவகத்தை முறித்துவிடும். அங்கே முறிப்பதற்கு ஒன்றும் இல்லை. எனவே திராவகமானது மண்ணிலுள்ள அலுமினியத்தைக் கரைத்துக்கொண்டு ஏரிக்கும் ஆற்றுக்கும் போயிற்று. அந்த அலுமினியம் மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைத்தது. தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்துப் பிழைத்த ஏரிகளில் மீன் அற்றுப்போயிற்று. தண்ணீர் மட்டும் முன்னைவிடத் தெளிவாகப் பளிங்குபோல் இருந்தது! பார்த்தால் சுத்தம், உள்ளே உயிர் இல்லை.

புகையை அதிகமாக விட்டவன் ஒருவன். அதிகமாகக் கெட்டவன் இன்னொருவன். இந்த நீதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் வைத்துப் பிடித்த மழை

தோழர்களே! இப்படி மீன் செத்தால் நம் ஊரில் என்ன சொல்லுவார்கள்? அம்மனுக்குக் கோபம் என்பார்கள். கிரகம் சரியில்லை என்பார்கள். ஊரில் யாரோ முறை தவறி நடந்துவிட்டதாகச் சொல்லி, கடைசியில் ஓர் ஏழையின் தலையிலே பழியைக் கட்டுவார்கள். ஐரோப்பாவிலும் பாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்தக் காரியத்தில் ஜனங்கள் பாதிரியிடம் போகவில்லை. மழையை அளந்து வைத்திருந்தவர்களிடம் போனார்கள்.

ஸ்வீடனில் 1940-களின் கடைசியில், மழையோடு வயலுக்கு என்னென்ன சத்து இறங்குகிறது என்று அறிவதற்காக, விவசாய ஆராய்ச்சிக்காரர்கள் பல இடங்களில் பாத்திரம் வைத்து மழையைப் பிடித்து, மாதாமாதம் பரீட்சை செய்து எழுதிவந்தார்கள். 1950-களில் அண்டைத் தேசங்களும் இதில் சேர்ந்துகொண்டன. யாரையும் குற்றம் சொல்லவேண்டும் என்று செய்த வேலையல்ல அது. ஸ்வாந்தே ஓடேன் என்கிற மண் ஆராய்ச்சியாளர் அந்தக் கணக்குகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தார். மழையின் புளிப்பு வரவர ஏறுவதும், புளித்த மழை பெய்கிற பிரதேசம் பரவுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. ஐரோப்பாவின் தேசங்கள் ஒன்றின்மேல் ஒன்று ரசாயன யுத்தம் நடத்திக்கொண்டிருக்கின்றன என்ற கருத்தில் அவர் 1967 அக்டோபரில் ஸ்டாக்ஹோம் தினசரி ஒன்றில் எழுதினார்.

நீரின் புளிப்பை அளக்க பி.எச். என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். இதில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ஓர் எண் குறைந்தால் புளிப்பு 10 மடங்கு. இரண்டு எண் குறைந்தால் 100 மடங்கு. கெடாத மழைக்கு இந்த அளவு சுமார் 5.6. நார்வே, ஸ்வீடன் இவைகளின் தென்பகுதியில் பெய்த மழைக்கோ 4-க்கும் 5-க்கும் இடையில் இருந்தது. 5-க்குக் கீழே போன தண்ணீரில் பெரும்பாலான மீன்களின் முட்டை பொரிப்பதில்லை. இதில் கடவுளுக்கு என்ன வேலை? விதிக்கு என்ன வேலை? கரி எவ்வளவு எரிந்தது, காற்று எப்பக்கம் அடித்தது, மண் எத்தகையது என்கிற மூன்று கேள்விக்குப் பதில் தெரிந்தால் மீன் ஏன் செத்தது என்பதும் தெரிந்துபோகிறது.

யார் அளப்பது?

1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகளின் மகாநாடு கூடியபோது ஸ்வீடன் இந்த வழக்கை உலகத்தின் முன் வைத்தது. தன் எல்லைக்குள் ஒரு தேசம் செய்கிற காரியம் அடுத்த தேசத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்தத் தேசத்துக்கு உண்டு என்று அந்த மகாநாட்டில் தீர்மானமும் ஆயிற்று. தீர்மானம் போடுவது சுலபம். “எங்கள் புகைதான் உங்கள் மீனைக் கொன்றது என்பதற்கு ருசு எங்கே?” என்று எதிர்த்தரப்பு கேட்டால் என்ன பதில்?

இப்படிக் கேட்பதை நான் அயோக்கியத்தனம் என்று சொல்லமாட்டேன். ருசு கேட்பது பகுத்தறிவுக்காரன் தர்மம். கடவுளைக் காட்டு என்று கேட்கிற நாம், புகையைக் காட்டு என்று இன்னொருவன் கேட்டால் கோபித்துக்கொள்ளலாமா? ஆனால் ருசுவை யார் கொண்டுவருவது? நார்வே அளந்தால் பிரிட்டன் நம்பாது. பிரிட்டன் அளந்தால் நார்வே நம்பாது. வாதி பிடித்த தராசு பிரதிவாதிக்குக் கள்ளத் தராசு. ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டு அளந்தால் சந்தையில் சண்டைதான் மிஞ்சும், நெல் விலை போகாது.

இதற்கு அவர்கள் கண்ட வழியை நீங்கள் கவனிக்க வேண்டும். 1972-இல் பொருளாதாரக் கூட்டுறவு ஸ்தாபனம் ஒன்றின் கீழ் 11 தேசங்கள் சேர்ந்து ஒரே தராசைப் பிடிப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டன. குற்றம் சாட்டிய நார்வேயும் ஸ்வீடனும் அதில் உண்டு. சாட்டப்பட்ட பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் உண்டு. எல்லா இடத்திலும் ஒரேவிதமாக மழையைப் பிடிக்க வேண்டும். ஒரேவிதமாகப் பரீட்சை செய்ய வேண்டும். கணக்கையெல்லாம் நார்வேயிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அதோடு விட்டார்களா? ஒரே மாதிரி தண்ணீரைப் பல தேசத்துப் பரிசோதனைச் சாலைகளுக்கும் அனுப்பி, யார் சரியாக அளக்கிறார், யார் பிசகாக அளக்கிறார் என்று பரிசோதிக்கிறவர்களையே பரிசோதித்தார்கள். பெரிய தேசம், பழைய சர்வகலாசாலை, பட்டம் பெற்ற பண்டிதர் என்பதற்காக யாருக்கும் விலக்கு இல்லை. நம் நாட்டிலே சாஸ்திரம் சொல்லுகிறவனை யாராவது இப்படி ஒரு தடவையாவது பரீட்சை செய்ததுண்டா என்று கேட்கிறேன்.

1977-இல் முடிவு வெளியாயிற்று. ஒவ்வொரு தேசத்தின் காற்றிலும் மற்றத் தேசங்களின் புகை அளந்து சொல்லக்கூடிய அளவு கலந்திருந்தது. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்திலும் விழுந்த கந்தகத்தில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தது என்று தெரிந்தது. சாட்டப்பட்டவர்களும் கூட இருந்து அளந்த அளவாதலால், தராசின்மேல் பழிபோட வழியில்லாமல் போயிற்று.

எது தீட்டு?

இந்த இடத்தில் நம் சங்கதி ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். தோழர்களே! தீட்டு என்ற சொல்லை நம்மைப்போல் அதிகமாக உபயோகித்த ஜனங்கள் உலகத்தில் உண்டா? இன்னான் தொட்டால் தண்ணீர் தீட்டு, இன்னான் நிழல் விழுந்தால் சோறு தீட்டு, பெண்ணுக்கு மாதத்தில் மூன்று நாள் தீட்டு என்று ஆயிரக்கணக்கான வருஷமாகச் சொல்லி, மனிதனைக் குளத்துக்கும் கிணற்றுக்கும் எட்ட நிறுத்தினார்களே, அந்தத் தீட்டை எந்தத் தராசாவது காட்டியதுண்டா? தொடுவதற்கு முன் பிடித்த தண்ணீரையும் தொட்ட பின் பிடித்த தண்ணீரையும் இரண்டு குப்பியில் அடைத்து, எது எது என்று சொல்லாமல் எந்தச் சங்கராச்சாரியிடம் கொடுத்தாலும் வித்தியாசம் கண்டுபிடிப்பாரா? மாட்டார். ஏன்? அந்தத் தீட்டு தண்ணீரில் இல்லை. சொன்னவன் புத்தியில் இருக்கிறது.

கெட்ட மழையோ அப்படியல்ல. எந்தத் தேசத்துக் குப்பியில் எந்த ஜாதிக்காரன் பிடித்துக் கொடுத்தாலும், எந்த மதக்காரன் பரீட்சை செய்தாலும், ஒரே எண்ணைத்தான் காட்டும். மெய்யான மாசுக்கும் பொய்யான தீட்டுக்கும் இதுதான் வித்தியாசம். பொய்த் தீட்டுக்குப் பயந்து மனிதனை ஒதுக்கிய நாம், மெய் மாசு ஆற்றிலும் காற்றிலும் கலக்கும்போது அதே ஆற்றில் முழுகிப் புண்ணியம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

வாதியின் நேர்மையும் பிரதிவாதியின் நேர்மையும்

சேர்ந்து அளப்பதற்கு இயந்திரம் மட்டும் போதாது, யோக்கியதையும் வேண்டும். அதற்கு இரண்டு உதாரணம் சொல்லுகிறேன்.

நார்வே தன் காட்டுக்கும் மீனுக்கும் அமில மழையால் என்ன சேதம் என்று அறிய 1972 முதல் 1980 வரை பெரிய ஆராய்ச்சி ஒன்று நடத்திற்று. மீன் அழிந்தது இதனால்தான் என்பது தெளிவாயிற்று. ஆனால் காட்டு மரங்களின் வளர்ச்சி குறைந்தது என்பது ருசுவாகவில்லை. வழக்காடுகிறவன் என்ன செய்வான்? ருசுவாகாததை மூடி மறைப்பான். நார்வேயின் ஆராய்ச்சியாளர்களோ, மரத்துக்குச் சேதம் என்று எங்களால் காட்ட முடியவில்லை என்று தங்கள் அறிக்கையிலே எழுதிவிட்டார்கள். இதனால் வழக்குக் கெட்டதா? இல்லை. மரத்தைப் பற்றி உண்மை சொன்னவன் மீனைப் பற்றியும் உண்மைதான் சொல்லுவான் என்று கேட்பவன் நம்புவதற்கு இடம் ஏற்பட்டது.

இரண்டாவது உதாரணம் பிரிட்டன். 1977-க்குப் பிறகும் அங்கேயுள்ள மின்சார உற்பத்தி வாரியமும் நிலக்கரி வாரியமும் ஒப்புக்கொள்ளவில்லை. கந்தகம் வருவது மெய்யானாலும், ஏரி புளித்ததற்கு அதுதான் காரணமென்று எப்படிச் சொல்லலாம், நிலத்தில் பயிர்முறை மாறியதும் காரணமாக இருக்கலாமே என்றார்கள். சரி, இதையும் பார்த்துவிடுவோம் என்று 1983-இல் அந்த இரண்டு வாரியங்களும் 50 லட்சம் பவுன் கொடுத்தன. ஆராய்ச்சியைத் தங்கள் ஆட்களிடம் விடாமல், லண்டன் ராயல் சொசைட்டியிடமும், நார்வே, ஸ்வீடன் இரண்டின் விஞ்ஞானக் கழகங்களிடமும் ஒப்படைத்தன.

அவர்கள் யாரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள் தெரியுமா? ஏரியின் அடியிலிருந்த சேற்றை! ஏரித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசியுண்டு. அதற்குக் கண்ணாடிபோல் ஓடு இருக்கும். சில இனம் புளித்த நீரில்தான் வளரும். சில இனம் புளிக்காத நீரில்தான் வளரும். செத்தபின் அந்த ஓடு அழியாமல் சேற்றில் வருஷா வருஷம் படலம் படலமாகப் படிந்துகொண்டு வரும். சேற்றைக் குழாய் விட்டு எடுத்து, படலம் ஒவ்வொன்றுக்கும் வயது கணக்கிட்டு, எந்தப் படலத்தில் எந்த ஓடு இருக்கிறது என்று எண்ணினார்கள். ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள ஏரிகளிலே, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆலைகள் பெருகிய பிறகுதான் புளிப்பு ஏறத் தொடங்கியது என்று சேறு சொல்லிற்று. அதே படலங்களில் கரிப்புகைத் தூளும் கிடந்தது. பயிர்முறை மாறியதுதான் காரணம் என்ற வாதம் நிற்கவில்லை. பிரிட்டனின் புகை நார்வேயின் ஏரியை மட்டுமல்ல, பிரிட்டனின் ஏரியையே கெடுத்திருந்தது என்பதும் வெளியாயிற்று.

பல்லாயிரம் வருஷத்துப் பழமையென்று ஓலைச்சுவடியைக் காட்டி ஒருவன் சொல்லுவதை நம்பச் சொல்லுகிறார்கள் நம் ஊரில். ஓலையில் எழுதினவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு ஒரு ஜாதி இருக்கிறது, ஒரு வயிறு இருக்கிறது. சேற்றுக்கு ஜாதியும் இல்லை, வயிறும் இல்லை. ஆகவே அது உள்ளதைச் சொல்லிற்று. ஆராய்ச்சி முழுவதும் முடிவதற்கு முன்பே, 1986-இல் மின்சார வாரியம் ஒப்புக்கொண்டு, சில பெரிய மின்சார நிலையங்களில் கந்தகத்தைப் பிடிக்கிற இயந்திரம் வைப்பதற்கு இசைந்தது. சொந்தக் காசைக் கொடுத்துத் தன் தவறுக்கு ருசு தேடிக்கொண்டது தோல்வி என்று நான் கருதமாட்டேன்.

எதிரிகள் கூடிப் பிடித்த தராசு

இன்னொரு விசேஷமும் இதில் உண்டு. அந்தக் காலத்தில் ஐரோப்பா இரண்டு முகாமாகப் பிரிந்து, ஒருவர்மேல் ஒருவர் அணுகுண்டைக் குறிபார்த்து வைத்துக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் 1979 நவம்பர் 13-இல் ஜினீவாவில், கிழக்கு முகாமும் மேற்கு முகாமும் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து, தூரம் போகிற காற்று மாசைப் பற்றி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. மாசைக் கணக்கிடுகிற கேந்திரம் ஒன்று ஆஸ்லோவில், இன்னொன்று மாஸ்கோவில்! யுத்தத்தில் எதிரி, ஆயுதத்தில் எதிரி. அளவில் மட்டும் கூட்டாளி.

அந்த ஒப்பந்தத்தில் இவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஓர் எண்கூட இல்லை. வெறும் கடிதாசி என்று பலர் பரிகாசம் செய்தார்கள். அதன் கீழ் 1984-இல் செய்துகொண்ட முதல் கிளை ஒப்பந்தமும் புகையைக் குறைப்பதற்கு அல்ல. அளக்கிற செலவை யார் யார் எவ்வளவு கொடுப்பது என்பதற்குத்தான்! அளவுக்கு முதலில் பணம் ஒதுக்கினார்கள். அடுத்த வருஷமே, 1985-இல், கந்தகத்தை 1980-இல் இருந்ததைவிட நூற்றுக்கு 30 பங்காவது 1993-க்குள் குறைப்பது என்று ஹெல்சின்கியில் ஒப்பந்தம் ஆயிற்று. பிரிட்டனும் அமெரிக்காவும் போலந்தும் சேரவில்லை. சேர்ந்தவர்களோ கெடுவுக்குள் நூற்றுக்கு 50 பங்குக்கு மேல் குறைத்துவிட்டார்கள்.

ஜெர்மனியின் சங்கதி வேறு. முதலில் அதுவும் மறுத்தது. 1980-களின் தொடக்கத்தில் தன் சொந்தக் காட்டு மரங்கள் நலிவதைக் கண்டபோதுதான் அதற்குக் கண் திறந்தது. பிறகு ஒரே பயம்! காடெல்லாம் அழிந்தே போகும் என்றார்கள். காட்டையும் 1985 முதல் பல தேசங்கள் சேர்ந்து ஒரே முறையில் அளக்க ஆரம்பித்தன. செக், போலந்து எல்லையோரத்து மலைகளில் மரங்கள் செத்தது உண்மை. ஐரோப்பாவின் காடு முழுவதும் அழிந்துபோகும் என்பது உண்மையாகவில்லை. ஆகவே தராசு என்பது மறைக்கிறவன் வாயை மட்டுமல்ல, மிகைப்படுத்துகிறவன் வாயையும் அடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1994-இல் ஆஸ்லோவில் இன்னொரு படி மேலே போனார்கள். எல்லோரும் ஒரே பங்கு குறைப்பது என்பதை விட்டு, எந்த மண் எவ்வளவு தாங்கும், எவன் புகை எங்கே விழுகிறது என்று கணக்குப் பார்த்து, அதற்குத் தக்கபடி ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு பொறுப்பு விதித்தார்கள். 1985-இல் நூற்றுக்கு 30 குறைக்கச் சம்மதிக்காத பிரிட்டன், 1994-இல் நூற்றுக்கு 80 குறைப்பதாகக் கையெழுத்துப் போட்டது. கரியால் உலகத்தை ஆண்ட அந்தத் தேசம், 2024 செப்டம்பர் 30-இல் தன் கடைசி நிலக்கரி மின்சார நிலையத்தையும் மூடிவிட்டது. இன்று அந்த ஒப்பந்தத்தில் 51 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 1980-இல் இருந்த கந்தகத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் ஐரோப்பாவில் குறைந்துவிட்டது. ஏரிகள் மெல்ல மெல்லத் தேறிவருகின்றன. எல்லாம் சரியாகிவிடவில்லை, நார்வேயில் சில ஆறுகளுக்கு இன்றும் சுண்ணாம்பு போட்டுத்தான் மீனைக் காப்பாற்றுகிறார்கள். நூறு வருஷம் கெடுத்ததைப் பத்து வருஷத்தில் மீட்க முடியுமா?

நமக்கு என்ன சம்பந்தம்?

இப்போது நமது பக்கம் வருகிறேன். 1999-ஆம் வருஷத் தொடக்கத்தில் பல தேசத்து விஞ்ஞானிகள் கப்பலும் விமானமும் கொண்டு இந்துமகா சமுத்திரத்தின் காற்றை அளந்தார்கள். அந்த ஆராய்ச்சியை நடத்தியவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த வீ. ராமநாதன், இன்னொருவர் டச்சுக்காரரான பால் குரூட்சன். பனிக்காலத்தில் நம் உபகண்டத்தின் புகை வடகிழக்குக் காற்றோடு கடலின்மேல் போய், மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குப் பழுப்பு மூட்டமாகப் படர்ந்திருப்பதைக் கண்டார்கள். பெரிய ஆலையொன்றும் இல்லாத மாலத்தீவுக்காரன் நம் புகையைச் சுவாசிக்கிறான். நார்வேக்குப் பிரிட்டன் எப்படியோ, மாலத்தீவுக்கு நாம் அப்படி!

2002-இல் இதைப் பற்றி ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் அறிக்கை வெளியிட்டபோது, ஆசியப் பழுப்பு மேகம் என்ற பெயருக்கு இந்தியாவில் ஆட்சேபம் எழுந்தது. பிற கண்டங்களிலும் இப்படிப்பட்ட மூட்டம் உண்டாதலால், ஆசியாவின் பெயரை மட்டும் ஏன் வைப்பது என்று கேட்டதில் நியாயம் இருந்தது. பெயரும் பிறகு மாற்றப்பட்டது. கணக்கில் சந்தேகம் இருந்தால் அதைக் கேட்பதும் நியாயந்தான். ஆனால் பெயரை மாற்றியதால் புகை குறைந்துவிடுமா? தேசத்துக்கு அவமானம் என்று சொல்லுவதால் மூச்சுக்குழல் சுத்தமாகிவிடுமா?

1998-இலேயே மாலத்தீவின் தலைநகரான மாலேயில், இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்காள தேசம், நேபாளம், பூட்டான், ஈரான், மாலத்தீவு ஆகிய எட்டுத் தேசங்கள், காற்று மாசைச் சேர்ந்து அளப்போம் என்று பிரகடனம் செய்தன. நல்ல காரியம். ஆனால் ஐரோப்பாவில் பிரகடனத்தின் பின்னால் வந்த எண் இங்கே வரவில்லை. யார் எவ்வளவு குறைப்பது என்கிற கட்டுப்பாடு இன்றுவரை இல்லை. 2024 நவம்பரில் லாகூர்க்காரனுக்கும் மூச்சு முட்டியது. டெல்லிக்காரனுக்கும் மூச்சு முட்டியது. இரண்டு பக்கத்துப் பஞ்சாபிலும் வைக்கோல் தாளைக் கொளுத்துகிறார்கள்; இரண்டு பக்கத்திலும் மோட்டாரும் ஆலையும் செங்கற்சூளையும் உண்டு. அவன் புகை என்று இவனும், இவன் புகை என்று அவனும் சொல்லிக்கொண்டிருந்தால், நெஞ்சுக்கூட்டில் கிடக்கிற கரிக்கு எந்தத் தேசத்துச் சீட்டு ஒட்டியிருக்கிறது என்று யார் பார்ப்பது?

என் தேசம் குற்றம் செய்யாது என்பது, என் ஜாதி உயர்ந்தது என்பதற்கும் என் மதம் தவறாதது என்பதற்கும் கூடப் பிறந்த மூடநம்பிக்கை. மூன்றும் பிறப்பினால் வந்த பெருமை. மூன்றும் பரீட்சைக்குப் பயப்படும். அணுகுண்டு வைத்துக்கொண்டு முறைத்தவர்களே ஒரு தராசைச் சேர்ந்து பிடிக்க முடிந்ததென்றால், ஒரே மழைக்காற்றை நம்பிப் பயிர் செய்கிற நம்மால் ஏன் முடியாது?

ஆகவே தோழர்களே! சர்க்காரைப் பார்த்து நாம் கேட்க வேண்டியது மூன்று. அளக்கிற முறை எல்லைக்கு இருபுறமும் ஒன்றாயிருக்கட்டும். அளந்த கணக்கு இரகசியமாக இல்லாமல் சகல ஜனங்களும் பார்க்கும்படி இருக்கட்டும். நம் கணக்கை அடுத்தவனும், அடுத்தவன் கணக்கை நாமும் சோதிப்பதற்கு இடம் இருக்கட்டும். இது தேசங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. ஒரே வாய்க்காலில் மேலூரும் கீழூரும் இருந்து, மேலூர்ப் பட்டறைக் கழிவால் கீழூர்க் கிணறு கெட்டுப்போனதாகச் சண்டை வந்தால், அரிவாளை எடுக்காதீர்கள். சாமியாடியிடம் குறி கேட்கவும் போகாதீர்கள். இரண்டு ஊராரும் கூட நின்று, ஒரே நாளில், இரண்டு இடத்துத் தண்ணீரையும் குப்பியில் பிடித்து, இரண்டு ஊராரும் முத்திரை போட்டு, ஒரே பரிசோதனைச் சாலைக்கு அனுப்புங்கள். வருகிற முடிவு தங்கள் ஊருக்குப் பாதகமாயிருந்தாலும் ஒப்புக்கொள்வதாக முன்னதாகவே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சுயமரியாதை உள்ளவனுக்கு அதில் அவமானம் ஒன்றும் இல்லை; தெரிந்த பின்னும் மறைப்பதுதான் அவமானம்.

நான் இவ்வளவு நேரம் சொன்னவைகளையும் அந்தப்படியே விசாரித்துப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு, படாததைத் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.